கடலோரம் நின்றுபோன ரெக்கவரி வண்டியை மறுபடி சாலைக்குக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் பல வருடம் நின்ற கார் ஏற்றும் வண்டியை வாங்குகிறவர்களும், வீட்டில் கிடக்கும் பழைய வண்டியை எடுத்து ஓட்ட நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. டாடா 407, ஐஷர் அளவிலான, பின்னால் சாயும் பிளாட்டும் (காரை ஏற்றும் தட்டு) விஞ்சும் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் கருவி) உள்ள ஆறு டயர் வண்டியை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம்.

"அண்ணே, மூணு வருசமா நிக்கிற வண்டி. ஒரு பேட்டரிய மாட்டி ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்துட்டு வாங்கிரலாமா?"

வேண்டாம். இஞ்சின் ஓடுவதை வைத்து வண்டியை எடை போடுவதுதான் இந்தக் கடற்கரையில் பணம் போகிற முதல் வழி. 407 இஞ்சினுக்கு மதுரையில் கிடைக்காத சாமான் இல்லை. செய்யத் தெரிந்த மெக்கானிக்கும் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். உப்புக் காற்று அரித்த சேஸிக்கு (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) அப்படி மாற்றுச் சாமான் கிடையாது.

பார்க்கிற வரிசை இது: முதலில் சேஸி, அடுத்து பிரேக், ஸ்டியரிங், அதன்பின் இஞ்சின், கடைசியாக ஹைட்ராலிக்கும் விஞ்சும். சேஸி தேறவில்லை என்றால் மற்றதைப் பார்க்கவே தேவையில்லை. அதோடு, தயார் செய்யாமல் செல்ஃப் அடிப்பதால் நல்ல இஞ்சினும் கெடும். எப்படி என்று கீழே வருகிறது.

"சேஸி நல்லாத்தானே இருக்கு, பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வச்சிருக்காங்க?"

அடியில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம். அரை கிலோ சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். நல்ல இரும்பைத் தட்டினால் கணீரென்று கேட்கும். அரித்த இரும்பு மொத்தையாகச் சத்தம் கொடுக்கும், பொருக்குப் பொருக்காக உதிரும்.

தட்ட வேண்டிய இடங்கள்: கேபினுக்குப் பின்னால் சேஸி வளைவு, பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் பிராக்கெட்டுகள், பின்பக்க யூ போல்ட் பிடிக்கும் இடம், பிளாட் சாயும் கீல், ஹைட்ராலிக் ராட் உட்காரும் குறுக்குச் சட்டம். எல்லாவற்றையும் விட முக்கியம், சேஸிக்கும் பிளாட் ஃபிரேமுக்கும் நடுவில் வைத்த மரக்கட்டை. அந்தக் கட்டை உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மேல் விளிம்பை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வாங்குவதற்கு முன் பிளாட்டைப் பிடித்திருக்கும் ஒரு பக்கத்து யூ போல்டையாவது தளர்த்திக் கட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

மீன் லாரி ஓடிய வண்டியைப் பிற்பாடு ரெக்கவரியாக மாற்றியிருந்தால் இன்னும் கவனம் தேவை. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் சேஸிக்குள் வடிந்திருக்கும்.

"ஓட்டை விழுந்த எடத்துல ஒரு தகட்ட வச்சு வெல்டு அடிச்சா போதாதா?"

குறுக்குச் சட்டத்தில் பரவாயில்லை. அதை முழுதாகவே மாற்றிவிடலாம். நீளச் சட்டத்தில் அப்படி முடியாது. அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் பாரத்தைத் தாங்குகின்றன. அந்த விளிம்பின் குறுக்கே வெல்டு போட்டால் அந்தக் கோட்டிலேயே பின்னால் விரிசல் விடும்.

பக்கச் சுவரில் சின்ன அரிப்பு என்றால் துருப் பிடித்ததை வெட்டி எடுத்து, உள்பக்கமாக எல் வடிவத் தகடு கொடுத்து, இரு முனையையும் சாய்வாக வெட்டி, போல்ட் போட்டு இறுக்குவதே சரியான முறை. இரண்டு விளிம்பிலும் தடிப்பு வெகுவாகக் குறைந்திருந்தால் (துருப்பிடிக்காத இடத்தோடு வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள்) அந்தச் சேஸியில் காரை ஏற்றக்கூடாது. மனது கேட்காது என்றாலும் அது காயலான் கடைக்குப் போகவேண்டிய வண்டி.

எங்கே வெல்டிங் செய்தாலும் முதலில் பேட்டரி ஒயரையும் டைனமோ ஒயரையும் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைப் பொரித்துவிடும்.

"சரி, சேஸி ஓகே. இஞ்சினை எப்படி எழுப்புறது?"

பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 15டபிள்யூ-40 டீசல் இஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். வடித்த ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. காரணம் தெரியும்வரை மேலே போகாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சர் வாயையும் திறந்து பாருங்கள், எலிக்கூடு இருக்கும். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால், இஞ்சினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் விளக்கு அணைகிறதா பாருங்கள். அதற்குப் பின்தான் டீசல் விட வேண்டும்.

பலர் விட்டுவிடும் ஒரு விஷயம்: நெடுநாள் நின்ற டீசல் பம்புக்குள் ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) இறுகிப்போய், ஸ்டார்ட் ஆனதும் இஞ்சின் தன் போக்கில் வேகம் ஏறிக்கொண்டே போகலாம். சாவியை அணைத்தாலும் நிற்காது. பம்ப் ஸ்டாப் நெம்புகோல் தடையில்லாமல் அசைகிறதா என்று முதலிலேயே கையால் ஆட்டிப் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் குழாயைக் கழற்றி வைத்து, இஞ்சின் காற்று இழுக்கும் வாயை மூடத் தட்டையான பலகையோடு ஒருவர் நிற்கட்டும். கையாலோ துணியாலோ மூடக்கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

"செல்ஃப் போட்டா டக்குன்னு நிக்குது, சுத்தவே மாட்டேங்குது."

பேட்டரியும் எர்த்தும் சரியாக இருந்தும் புல்லியைக் கையால் சுற்ற முடியவில்லை என்றால், சிலிண்டருக்குள் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் ரிங் கியர் பல் போகும். வேறு வண்டியைக் கட்டி இழுத்தால் கனெக்டிங் ராட் வளையும்.

நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சுமார் 50 மில்லி டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு புல்லியை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். சுற்ற ஆரம்பித்ததும் நாசில் போடாமலே செல்ஃப் அடித்து உள்ளே நிற்கும் எண்ணெயை வெளியேற்றுங்கள். அந்த எண்ணெய் உள்ளேயே இருக்க நாசிலைப் போட்டு அடித்தால் பிஸ்டன் உடையும். ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

"ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு நிமிசத்துல அணைஞ்சு போகுது."

டீசல் டேங்க். பாதி காலியாக நின்ற டேங்கில் கடலோர ஈரக் காற்று தண்ணீராகப் படியும். அதில் கறுப்பான வழவழப்புப் பாசி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, இரண்டு ஃபில்டரையும் மாற்றி, ரப்பர் டீசல் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். பிறகு ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடித்துக் குமிழியில்லாத டீசல் வரும்வரை ஏர் எடுங்கள். அப்படியும் நின்றால் நாசில் நட்டுகளைத் தளர்த்தி அங்கேயும் ஏர் எடுக்க வேண்டும்.

"இஞ்சின் ஓடுது, ஆனா கியர் விழ மாட்டேங்குது. பெட்டி போச்சா?"

பெரும்பாலும் இல்லை. கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் கிளட்ச் ஆயில் சிலிண்டர் முழுதாகத் தள்ளுகிறதா பாருங்கள். அது சரியென்றால் கியர் பெட்டியை இறக்கிப் பிளேட்டைப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

"ரேடியேட்டருக்கு எங்க ஊட்டு போர் தண்ணியே போதுமா?"

கூடாது. இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பு அதிகம். பிளாக்குக்குள் படிவு கட்டி, வாட்டர் பம்பையும் அரிக்கும். கூலண்ட்டை டிஸ்டில்டு தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வண்டியைக் கழுவவும் அந்தத் தண்ணீர் வேண்டாம், அது அடியில் உப்பு பூசுவதுதான்.

"பிரேக்க மிதிச்சா கெட்டியாத்தான் இருக்கு. அதையும் கழட்டணுமா?"

கட்டாயம் கழற்ற வேண்டும், நான்கு பக்கமும். மிதி கெட்டியாக இருப்பதற்கு வீல் சிலிண்டர் துருவேறி நகராமல் இருப்பதும் காரணமாக இருக்கலாம். அப்படி இருந்தால் மிதி கல் மாதிரி நிற்கும், வண்டி மட்டும் நிற்காது. மேலே ஒரு காரை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்து இறக்கத்தில் அதைக் கண்டுபிடிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

டிரம்மைக் கழற்றுங்கள். வீல் சிலிண்டர் உள்சுவரில் குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றுவது வீண், சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாக வேண்டும், வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். சேஸி ஓரமாக ஓடும் இரும்புப் பைப்பை, கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் விரலால் தடவிப் பாருங்கள். துரு அங்கேதான் ஓட்டை போடும். லைனிங் எண்ணெய் குடித்திருந்தால் ஆக்சில் சீலையும் மாற்றிவிட்டுத்தான் புது லைனிங் ஒட்ட வேண்டும். ஹப் பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் அடைக்கவும் இதுதான் நேரம்.

ஆயில், டப்பாவில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 மட்டும். இஞ்சின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ ஒரு சொட்டுக் கலந்தாலும் ரப்பர் எல்லாம் உப்பிவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஆகவே திறந்து வைத்த பழைய டப்பா வேண்டாம். ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. வேக்குவம் பூஸ்டரைச் சோதிக்க, இஞ்சினை அணைத்து நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

"டயர்ல பட்டன் நெறைய இருக்கு, அப்பிடியே ஓட்டலாம்ல?"

பட்டனைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெயிலில் நின்ற டயர் ஆறேழு வருடத்தைத் தாண்டியிருந்தால், பட்டன் இருந்தாலும் பாரத்தில் வெடிக்கும். பின்பக்கம் ஜோடி டயர் இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் பெரியது ஒன்றே பாரம் முழுவதையும் சுமக்கும். சீமைக் கருவேலங்காட்டு ஓரம் நின்ற வண்டி என்றால் டயரைக் கழற்றி உள்பக்கம் கையுறையோடு தடவிப் பாருங்கள், ஒடிந்த முள் உள்ளே நின்று டியூபை மெல்ல மெல்லக் குத்தும்.

"லைட்டு ஒண்ணு எரிஞ்சா ஒண்ணு அணையுது."

எர்த் பிரச்சினை. பல்பை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். இஞ்சின், சேஸி, பின் விளக்கு ஆகியவற்றின் எர்த் முனைகளைக் கழற்றி, இரும்பு வெள்ளையாகும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். ஒயருக்குள் செம்பு பச்சையாகிப்போயிருந்தால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும்.

"பிளாட்டு தூக்குது, ஆனா நின்ன எடத்துல நிக்காம மெதுவா இறங்குது."

ராட் சீல் அல்லது வால்வு உள்ளே கசிகிறது. ராடைத் துடைத்துவிட்டு நகத்தால் வருடுங்கள். குரோம் மேல் துருக் குழி தட்டுப்பட்டால், புதுச் சீல் போட்டாலும் அந்தக் குழி அதைக் கிழித்துவிடும். ராடைக் குரோமுக்குக் கொடுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். ஆயில் பால் நிறமாக இருந்தால் முழுதும் வடித்து, டேங்கைத் துடைத்து, 46 அல்லது 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுங்கள்.

குழாயில் ஊசி முனை அளவு கசிவைத் தேடக் கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே எடுக்க வேண்டிவரலாம். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். தூக்கிய பிளாட்டுக்கு அடியில் வேலை செய்யும்போது, ஹைட்ராலிக்கை நம்பாமல் இரும்புத் தாங்கு கொடுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.

"விஞ்சு ரோப்பு லேசா துருதான், கிரீஸ் தடவிக்கலாமா?"

மேல் துரு என்றால் தடவலாம். ரோப்பை வளைத்துப் பாருங்கள்; இழைகளுக்கு நடுவிலிருந்து செந்தூள் கொட்டினால் உள்ளே அரித்திருக்கிறது. ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி ரோப்பை முழுதாக ஒரு முறை சுற்றிவரும் நீளம்) 6 கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் 3 அறுந்திருந்தாலோ ரோப்பை மாற்றுங்கள்.

10 மி.மீ. ரோப்புக்கு முனையில் 3 கிளிப், 60 மி.மீ. இடைவெளியில். கிளிப்பின் தட்டைப் பக்கம் பாரம் இழுக்கும் ரோப் மேலும், வளைந்த யூ பக்கம் வால் மேலும் உட்கார வேண்டும். தலைகீழாகப் போட்ட கிளிப்பைப் பல வண்டிகளில் பார்க்கலாம். அது பாரம் தாங்கும் ரோப்பையே நசுக்கும். விஞ்ச் டிரம்மில் எப்போதும் ரோப் ஐந்து சுற்றாவது மீதி இருக்க வேண்டும்.

"தனுஷ்கோடி மணல்ல பொதைஞ்ச காரையும் இதே விஞ்சுல இழுக்கலாமா?"

சாலையில் உருளும் காரை இழுப்பதும் மணலில் புதைந்ததை இழுப்பதும் ஒன்றல்ல. சக்கரம் பாதி புதைந்தால் காரின் முழு எடை அளவுக்கு இழுவை வேண்டியிருக்கும். அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டால் அதற்கும் மேலே. முதலில் சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டிப் பலகை கொடுங்கள். கப்பி ஒன்றைக் காரில் மாட்டி, ரோப்பை அதன் வழியாகத் திருப்பி உங்கள் வண்டியிலேயே கட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். உங்கள் வண்டி தார்ச் சாலையை விட்டு இறங்கக்கூடாது. ரோப் இறுகும்போது அதன் நேர்க்கோட்டில் ஆள் நிற்கக்கூடாது, ரோப் நடுவில் கனமான சாக்கைப் போட்டுவிடுங்கள்.

கடல் தண்ணீர் தொட்ட ரோப்பையும் கொக்கியையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும்.

"பேப்பர்ல என்னென்ன பாக்கணும்?"

ஆர்.சி.யில் வண்டி என்ன வகையாகப் பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சரக்கு வாகனமா, ரெக்கவரி வாகனமா என்பதை வைத்துத்தான் பெர்மிட், வரி எல்லாம். சரக்கு லாரியாகப் பதிவாகி, மேலே பிளாட் மட்டும் மாற்றியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி அந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அது இல்லாத வண்டி எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுச் சோதனை) மாட்டிக்கொள்ளும்.

சரக்கு வாகனத்துக்கு எட்டு வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். காலாவதியான எஃப்.சி.க்குத் தாமதக் கட்டணம் சேரும். வயதான வண்டிக்குக் கட்டணமும் அதிகம், ஆகவே விலை பேசும் முன் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாக்கி வரியையும் பைனான்ஸ் அடைமானத்தையும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸி எண், சேஸியில் குத்திய எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். துருவில் எண் அழிந்திருந்தால் கிரைண்டர் வைக்காமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். லைசென்ஸ் பற்றியும் கேட்கிறார்கள்: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

"எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும் ஓட்டிட்டுத்தானே போகணும், அதுக்கு என்ன?"

இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். விபத்து நடந்தால் முழு இழப்பீடும் உங்கள் தலையில் விழும். முதலில் இன்சூரன்ஸ், பிறகு புகைச் சான்று, பிறகு தேதி பதிவு. வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் நல்லது. மேலே சொன்ன பிரேக், விளக்கு வேலைகள் முடிந்திருந்தால், மீதி எஃப்.சி. வேலை சிறியது: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பின்பக்கத் தடுப்புக் கம்பி, பக்கத் தடுப்பு, ஒளிரும் டேப். டேப் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

"407ல இன்னோவா ஏத்தலாமா?"

ஆர்.சி.யில் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். உதாரணமாக 6,250-இல் 3,900 போனால் 2,350 கிலோ. டிரைவர், ஹெல்பர், சாமான்களுக்கு 200 கழித்தால் 2,150. இன்னோவா கிரிஸ்டா சுமார் 1.8 டன், ஏற்றலாம். ஃபார்ச்சூனர் 2.1 டன்னை ஒட்டி வரும். இராமேஸ்வரம் வந்தவர்களின் பெட்டிகளும் டிக்கியில் இருந்தால் தாண்டிவிடும். ஆனால் பல வண்டிகளில் ஆர்.சி. எடை இன்றைய எடை அல்ல. தகடு தகடாக ஒட்டி, விஞ்ச் மாற்றி, கருவிப் பெட்டி வைத்து ஏற்றிய இரும்பு எல்லாம் அதில் இல்லை. வேலை முடிந்ததும் எடைமேடையில் ஒரு முறை ஏற்றி உண்மையான காலி எடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காரின் இஞ்சின் பாரம் உங்கள் வண்டியின் பின் ஆக்சிலுக்கு முன்னால் விழவேண்டும். பின்னால் தள்ளி ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். பாலத்தின் மேல் பக்கக் காற்று அடிக்கும்போது அது தெரியவரும். நான்கு சக்கரத்தையும் ராட்செட் பெல்ட்டால் கட்டுங்கள். விஞ்ச் ரோப் இழுப்பதற்கு மட்டும், கட்டிவைப்பதற்கு அல்ல.

"மொத ஓட்டம் எங்க ஓட்டிப் பாக்கறது?"

காலி வண்டியாக, கூட்டமில்லாத நேரத்தில், ஐந்து கிலோமீட்டர். நிறுத்தி ஒவ்வொரு ஹப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. 50 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளையும், முதல் பாரம் ஏற்றி இறக்கியதும் யூ போல்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். இவ்வளவும் சரியான பிறகே சின்னக் கார் ஒன்றை ஏற்றுங்கள். அதற்கும் பிறகுதான் பாம்பன் பாலம்.

"துரு மறுபடி வராம இருக்க அடியில வேஸ்ட் ஆயில் அடிக்கிறாங்களே, நல்லதா?"

வழக்கம்தான், ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வோம். அது புஷ், ஹோஸ் போன்ற ரப்பரை ஊறவைக்கும், லைனிங்கில் தெறிக்கும், மணலைப் பிடித்துக்கொண்டு சேறாக நிற்கும், மழையில் வழிந்து மண்ணையும் கெடுக்கும்.

துருவை ஒயர் பிரஷ்ஷில் தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே துத்தநாக பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். கழுவாமல் அடித்தால் உப்பு உள்ளேயே இருந்து சில மாதத்தில் கொப்புளமாகக் கிளம்பும். காலை பத்து மணியிலிருந்து மதியம்வரை அடிப்பது நல்லது, மாலைக் கடல் காற்றில் ஈரம் ஒட்டிக்கொள்ளும். மேலே எபாக்சி பெயிண்ட். சட்டங்களின் உள்பக்கத்துக்கு மெழுகு கலந்த துருத் தடுப்பு ஸ்பிரே. மரக்கட்டைக்குப் பதில் கனமான ரப்பர் பட்டை வையுங்கள். சேஸியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை ஐப்பசி மழைக்கு முன்னால் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள், அடைத்த ஓட்டைக்குள் நிற்கும் தண்ணீர் தை மாதம் வரை காயாது.